நிற்கக்கூடியவர்கள்

டிசம்பர் முதலாந் திகதி, திங்கட்கிழமை காலை, சலவை இயந்திரத்துக்குள் போடுவதற்காகக் கணவருடைய சாரத்தை உதறியபோது தவநாயகி அந்தக் கறையைக் கண்டாள். ஒரு பவுண் நாணயத்தின் அளவு. ஓரம் மஞ்சள், நடுவில் இளஞ்சிவப்பு. சாரத்தை அவர் உடுத்தும் விதத்தில் தன் இடுப்பில் சுற்றி வைத்துப் பார்த்தாள். கறை இடது தொடைக்கு நேரே வந்தது.

அந்த இடத்தில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். 1987 ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் விழுந்த ஷெல்லின் துண்டு ஒன்று கிழித்துப்போன தழும்பு. அவர்களுடைய கலியாணத்துக்கு முன்பே ஆறிப்போனது. முப்பத்தெட்டு வருடங்களாக அது விரல் நீளத்தில், வெள்ளையாக, தொட்டால் காய்ந்த பசைபோலக் கடினமாக, தன்பாட்டில் கிடந்தது. அதைக் காயமென்று நினைப்பதையே அவள் விட்டுவிட்டிருந்தாள்.

சாரத்தை மூக்கருகே கொண்டுபோனாள். இரத்த வாடை இல்லை, சீழ் வாடையும் இல்லை. நெடுநாள் தண்ணீரில் கிடந்த கயிற்றின் மணம், அதற்கு அடியில் தெருப் போடும்போது வரும் தார் மணம்.

மாலையில் கணேசலிங்கம் வேலை முடிந்து வந்ததும் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, காலைக் காட்டுங்கோ பாப்பம்."

"ஒண்டுமில்லை. எங்கையோ தட்டுப்பட்டுப் போச்சு."

"முப்பத்தெட்டு வருசத்துக்குப் பிறகு எங்க தட்டினது?"

அவர் காற்சட்டையை இறக்கிக் காட்டினார். தழும்பு நடுவில் பிளந்திருந்தது. வெட்டுப்பட்ட மாதிரி இல்லை. உலர்ந்த உதடு தானாகத் திறப்பது மாதிரி. உள்ளே புதுச் சதை ஈரமாக மினுங்கியது.

"நாளைக்குக் கிளினிக்குக்குப் போவம்" என்றாள்.

"கிளினிக்குக்கோ? அங்க ஆர் இருக்கிறா எண்டு உமக்குத் தெரியாதே?"

தெரியும். ஸ்ட்ரெதமில் அவர்கள் வீட்டோடு ஒட்டிய அடுத்த வீட்டில் இருப்பவள் டொக்டர் வத்சலா. தமிழ்நாட்டுப் பெண், தங்கமானவள். அவர்கள் பதிந்திருக்கும் கிளினிக்கில்தான் அவளுக்கு வேலை. வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போவாள். அங்கே அவளோடு ஒரே வரிசையில் இருந்து தேவாரம் பாடுபவர் ராஜலட்சுமி அம்மா. ராஜலட்சுமி அம்மா அப்டன் பார்க்கிலிருந்து வருபவர். அவருடைய மகன் லக்‌ஷனுக்கும் இவர்களுடைய ஒரே மகள் தனுஷியாவுக்கும் தை மாதம், ஜனவரி இருபத்தைந்தாந் திகதி, ஞாயிற்றுக்கிழமை கலியாணம்.

தனுஷியாவுக்கு முப்பத்துநான்கு வயது. முதற் கலியாணப் பேச்சு பதிவு எழுத்து வரைக்கும் போய் நின்றது. கணேசலிங்கத்துக்கு ஒருமுறை வலிப்பு வந்ததென்று யாரோ மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். பரம்பரை வருத்தமாக இருக்குமென்று அவர்கள் பயந்தார்கள். அதன்பிறகு பிள்ளை மூன்று வருடம் கலியாணப் பேச்சையே எடுக்க விடவில்லை. இந்த முறை பெண் பார்க்க வந்த அன்றைக்கே ராஜலட்சுமி அம்மா தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "உங்கட பக்கத்தில ஆருக்கும் ஏதும் வருத்தம் கிருத்தம் இருக்கே?" கணேசலிங்கம் நெஞ்சை நிமிர்த்தி, "நாங்கள் தடிமன் காய்ச்சலுக்கும் மருந்து எடுக்கிறேல்லை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"டொக்டர்மார் வெளியில சொல்லமாட்டினம்" என்றாள் தவநாயகி.

"வாயால சொல்லத் தேவையில்லை. முகத்தில சொல்லுவினம். எட்டுக் கிழமைதானே? கலியாணம் முடியட்டும். திங்கட்கிழமை காலமை முதல் வேலை ஆஸ்பத்திரி."

அப்படித்தான் தீர்மானமாயிற்று.

ஆற்றங்கரையோரம் உள்ள ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் கணேசலிங்கம் மண்டபக் காவலர். அந்த மாரியில் அங்கே ஒரு கண்காட்சி நடந்தது. ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு பிரெஞ்சுக்காரர் கடலைக் கடந்துபோய்க் குடியேற இடம் பார்த்த கதை. இரண்டு அறைகள். முதல் அறையில் கணேசலிங்கம், இரண்டாவதில் றஜீவ் என்ற இளையவர். காவலர் தன் அறையை விட்டு மற்ற அறைக்குள் போகக்கூடாது என்பது சட்டம். மற்றவர்கள் போவார்கள், வருவார்கள். கணேசலிங்கம் போகமாட்டார். தன் அறையிலிருந்த எழுத்துப் பலகைகளை வரிசைப்படி வாசித்து, இரவுச் சாப்பாட்டின்போது மனைவிக்குச் சொல்வார்.

"கேளும் நாயகி. மூண்டு கப்பல். நூற்றிப்பத்துப் பேர். போய்ப் பாருங்கோ, இடம் நல்லதெண்டா இருந்திடலாமெண்டு ராசா அனுப்பினவர். இப்ப எங்கட சனம் இருக்கிற கனடாதான் அது. ஆறு உறைஞ்சுபோச்சு. கப்பல் அசைய ஏலாது. அஞ்சு மாசம்."

"பாவங்கள்."

"பிறகு வருத்தம் வந்தது. பல்லு முரசு அழுகிறது. கால் கறுக்கிறது. ஆறின காயமெல்லாம் திரும்ப—"

அவர் நிறுத்தினார். புட்டைப் பிசைந்துகொண்டிருந்த அவள் கையும் நின்றது.

"எனக்கு அது இல்லை" என்றார். "அது தோடம்பழம், எலுமிச்சை ஒண்டும் தின்னாத ஆக்களுக்கு வாறது. நான் ஒரு நாளைக்கு ரெண்டு தோடம்பழம் தின்னுறன்."

"பிறகு என்ன நடந்தது?"

"நூற்றிப்பத்தில பத்துப் பேருக்குத்தான் எழும்பி நிக்க ஏலும். வெளியில அந்த ஊர்ச் சனம். கப்பலுக்குள்ள எல்லாரும் படுக்கையெண்டு தெரிஞ்சால் வந்து அடிச்சுப்போடுவினமெண்டு கப்டனுக்குப் பயம். என்ன செய்தவன் தெரியுமே? நிக்கக்கூடின ஆக்களிட்டைச் சுத்தியலைக் குடுத்து, உள்ளுக்கிருந்து பலகையில அடிக்கச் சொன்னவன். வெளியில நிக்கிறவன் கேட்டால், ஓ, நிறையப் பேர் வேலை செய்யினமெண்டு நினைப்பான்."

"விசர்க் கதை."

"விசரில்லை, கெட்டிக்காரன். வந்த இடத்தில நாங்கள் வருத்தக்காறரெண்டு தெரிஞ்சால் ஆர் மதிப்பினம்?"

"கடைசியில தப்பினவையோ?"

"கடைசிப் பலகை மற்ற அறையில. றஜீவின்ர பக்கம். ஒரு நாளைக்குக் கேட்டுச் சொல்லுறன்."

அவர் கேட்கவில்லை. டிசம்பர் பன்னிரண்டாந் திகதிக்குப் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை.

தொடைக் காயம் ஒரு கைவிரல் இறங்கும் அளவுக்கு அகன்றது. கணுக்காலிலிருந்து முழங்கால்வரை, நாவற்பழம் நசித்ததுபோல ஊதாப் புள்ளிகள். தலையணையில் காலையில் இரத்தம். பாணின் ஓரத்தைக் கடிக்க ஏலாமல் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டார், அதிலும் இரும்பு உருசி அடிக்குதென்றார். மேல்மாடி முன்னறையில், வத்சலாவின் வீட்டோடு பொதுவான சுவருக்குப் பக்கத்தில், கட்டிலோடு கிடந்தார். ஹீற்றர் முழுச் சூட்டில் எரிந்தும் அந்த அறை குளிர்ந்தது. கீழிருந்து ஏறிவந்தால் ஏழாவது படியில் குளிர் முகத்தில் முட்டும். அதோடு அந்த மணம். கயிறு. தார்.

டிசம்பர் பதினெட்டாந் திகதி பின்னேரம் குப்பைத் தொட்டியை வெளியே இழுத்து வைக்கும்போது வத்சலா தன் காரிலிருந்து இறங்கினாள்.

"அக்கா, அண்ணாவை ஆளையே காணோமே? ஒரு வாரமாச்சு. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சும்மா... மேல ஒரு வேலையா நிக்கிறார்."

"என்ன வேலை? சத்தமே கேக்கலையே. எங்க வீட்டுக்கு உங்க வீட்டு மிக்ஸி சத்தமே கேக்கும்." வத்சலா சிரித்தாள். "ஒரு எட்டு வந்து பாக்கட்டுமா?"

"வேண்டாம் பிள்ளை, நித்திரையா இருப்பார்."

வேலையாக நிற்கிறார் என்று சொன்ன அதே வாயால் நித்திரை என்றும் சொல்லிவிட்டதை உள்ளே வந்து கதவைப் பூட்டிய பிறகுதான் உணர்ந்தாள். மேலே கணேசலிங்கம் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். முகம் வியர்த்து, ஆனால் கண்ணில் ஒரு குறும்பு.

"சுத்தியலை எடும்" என்றார்.

"என்னத்துக்கு?"

"கப்டன்ர வேலை பாப்பம்."

அலமாரித் தட்டொன்று மிஞ்சிக் கிடந்தது. அதைச் சுவரோடு சாய்த்து வைத்தாள். அவர் படுத்தபடியே ஓங்கி அடித்தார். டொக். டொக். டொக். அரை மணி நேரம், ஐந்திலிருந்து ஐந்தரை வரை, வத்சலா வேலையால் வந்து வீட்டுக்குள் இருக்கும் நேரம் பார்த்து. நடுவில் இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

அடுத்த நாள் வாசலில் வத்சலா கேட்டாள், "என்னக்கா, அண்ணா கார்ப்பென்ட்டர் ஆயிட்டாரா?"

"கலியாணத்துக்கு நிறைகுடம் வைக்க ஒரு மேசை செய்யிறார்."

"கடையில வாங்கினா ஆச்சு! பரவால்ல, கல்யாண வீடுன்னா சத்தம் இருக்கணும்."

அதன்பிறகு நாள் தவறாமல் ஐந்து மணிக்குச் சத்தம். கிறிஸ்மஸ் வரைக்கும் அவர் அடித்தார். பிறகு கை தூக்க ஏலாமற் போனது, அவள் அடித்தாள். லீட்ஸில் வேலை செய்யும் தனுஷியா தொலைபேசியில் கூப்பிட்டால் தவநாயகி அடித்துக்கொண்டே பேசுவாள். "அப்பா வேலை செய்யிறார் பிள்ளை, கேக்குதெல்லே?" அந்தப் பக்கம் பிள்ளை சிரிக்கும். அந்தச் சிரிப்பை அவள் பத்து வருடமாகக் கேட்டதில்லை. அதற்காக எதையும் அடிக்கலாம் போலிருந்தது.

ஜனவரி நான்காந் திகதி அவள் அடிப்பதை நிறுத்திச் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

டொக்.

ஒரே ஒரு அடி. சுவருக்குள்ளிருந்து. அவள் அடித்த அதே அளவில்.

குழாய் சூடேறும் சத்தமாக இருக்கும் என்று நினைத்தாள். வத்சலா ஆணி அடித்திருப்பாள் என்றும் நினைத்தாள். ஆனால் வத்சலாவின் கார் அன்றைக்கு இன்னும் வரவில்லை.

ஏழாந் திகதி இரண்டு அடிகள். பத்தாந் திகதி அவள் அடிக்கும்போதே, அவளுடைய அடிகளுக்கு இடையில், மற்ற அடிகள் விழுந்தன. ஒன்று கட்டிலுக்கு அடியிலிருந்து, ஒன்று கூரைப் பக்கத்திலிருந்து, ஒன்று மிகவும் தாழ, வீட்டுக்குக் கீழே தண்ணீர் இருந்து அதற்குள்ளிருந்து வருவதுபோல. அவை ஒன்றையொன்று முட்டவில்லை. பழகிய வேலைக்காரர் ஒரே தாளத்தில் மாறி மாறி அடிப்பதுபோல ஒவ்வொன்றும் தன் முறைக்காகக் காத்திருந்தது. யன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் பனி கட்டியிருந்தது.

"இஞ்சாருங்கோ, உங்களுக்குக் கேக்குதே?"

கணேசலிங்கம் கண்ணைத் திறக்காமல் கேட்டார். "எத்தினை பேர் நிக்கினம்?"

"என்ன?"

"எழும்பி நிக்கிற ஆக்கள். எத்தினை பேர் எண்டு எண்ணிப் பாரும்."

பன்னிரண்டாந் திகதி வத்சலா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "நாலஞ்சு ஆள் வச்சு வேலை வாங்குறீங்க போல! எல்லாருக்கும் டீ போட்டே அலுத்திருப்பீங்க." தவநாயகியும் சிரித்தாள். சிரிக்கும்போது வாய்க்குள் உப்புச் சுவை. உட்போய்க் கண்ணாடியில் பார்த்தாள். கீழ் முரசில் ஒரு பல்லைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு.

பொங்கலன்று கணேசலிங்கத்துக்குத் தெளிவு வந்தது. அவள் ஊட்டிய ஒரு கரண்டிப் புக்கையை விழுங்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"கலியாணத்துக்கு முதல் எனக்கு ஏதும் நடந்தால்..."

"வாயைப் பொத்துங்கோ."

"கேளும். செத்தவீட்டுத் துடக்கெண்டு ஒரு வருசம் தள்ளுவினம். அந்த மனுசி ஒரு வருசம் நிப்பாவே? ராசியில்லாத பிள்ளை எண்டு விட்டிட்டுப் போயிடுவா. பிள்ளை இதோட சரி. கலியாணம் முடியும் வரைக்கும் அடியும். திங்கட்கிழமை சொல்லும்."

"அம்புலன்சுக்கு அடிக்கப்போறன்."

"அடியும்" என்றார். "அடிச்சுப்போட்டு, கலியாணம் ஏன் நிண்டதெண்டு பிள்ளைக்கு நீரே சொல்லும்."

அவள் தொலைபேசியைக் கையில் எடுத்தாள். வாசல்வரை வந்து நிற்கும் நீல வெளிச்சம், வெளியே வந்து பார்க்கும் வத்சலா, வெள்ளிக்கிழமை, கோயில், ராஜலட்சுமி அம்மாவின் முகம். ஒவ்வொன்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். தொலைபேசியைத் திரும்ப வைத்தாள்.

ஜனவரி பத்தொன்பதாந் திகதி, திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டு இருபதுக்கு அவர் மூச்சு நின்றது.

அவள் அழவில்லை. அழுதால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். அவருடைய கண்களை மூடினாள். வெள்ளை வேட்டியொன்றை மடித்து முகத்தை மூடினாள். ஹீற்றரை நிறுத்தினாள். விளக்கு வைக்கவில்லை, ஊதுபத்தி கொளுத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கீழே வந்து குசினிக் கதிரையில் இருந்தாள். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. ஐந்துக்கு மேலே போய்ச் சுத்தியலை எடுக்கவேண்டும். எப்படி எடுப்பது, அந்த முகத்துக்குப் பக்கத்தில் இருந்து எப்படி அடிப்பது என்று யோசித்தாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். ஐந்துக்கு ஒரு நிமிடம்.

ஐந்து.

மேலே சத்தம் தொடங்கியது.

டொக். டொக். டொக். பலகையில் இரும்பு. அவர் அடிக்கும் அடி அவளுக்குத் தெரியும். மூன்றாவது அடியில் சற்றுத் தாமதிப்பார். மூன்றாவது அடி தாமதித்தது.

ஐந்தரைக்கு நின்றது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. அவள் அரை மணி நேரமும் குசினியில், இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்தபடி, அசையாமல் இருந்தாள்.

புதன்கிழமை நாலே முக்காலுக்கு வாசல் மணி அடித்தது. றஜீவ். அருங்காட்சியகத்தில் அவர் விட்டுவிட்டு வந்த மப்ளரையும் தேத்தண்ணீர்க் குவளையையும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தான். உள்ளே வரவிடாமல் அனுப்ப வழியில்லை.

"அண்ணை எங்க அக்கா? கலியாண அலுவலோ?"

"மேல நிக்கிறார்."

"அண்ணைக்கு ஏதும் வருத்தமோ எண்டு நான் பயந்துபோனன். ஏனெண்டால் எனக்கு வந்தது." அவன் சேர்ட்டைத் தூக்கி வயிற்றைக் காட்டினான். "அப்பென்டிக்ஸ் வெட்டின இடம், பதினஞ்சு வருசம் பழசு. நவம்பர்ல சும்மா வாய் திறந்திட்டுது அக்கா. பல்லால ரத்தம். என்னெண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை. ஆரோ சொல்லி உங்கட பக்கத்து வீட்டு டொக்டரிட்டைத்தான் போனனான்."

அவன் வயிற்றில் ஒரு வெள்ளைக் கோடு. உலர்ந்து, இறுகி, மூடியிருந்தது.

"அவ என்ன செய்தவ?" தன் குரல் எங்கிருந்தோ வருவதுபோல அவளுக்குக் கேட்டது.

"ஒரு மருந்து எழுதித் தந்தா. வேறொண்டுமில்லை. எட்டு நாள். எட்டே நாளில மூடிட்டுது. இதைத்தான் அக்கா, என்ர அறையில இருந்த கடைசிப் பலகையிலயும் எழுதியிருந்தது. அண்ணை வாசிக்கேல்லைத்தானே? அந்தக் கப்டன் ஒரு நாள் வெளியில போகேக்க அந்த ஊர் ஆள் ஒருத்தன் நல்லா நடந்து வாறானாம். பத்து நாளைக்கு முதல் அவனுக்கும் அதே வருத்தம். என்ன செய்தனி எண்டு கேட்டால், பக்கத்தில நிண்ட மரத்தைக் காட்டினானாம். இலையை அவிச்சுக் குடிச்சனானெண்டு. ஒரு முழு மரத்தையும் எட்டு நாளில அவிச்சுக் குடிச்சு எழும்பிட்டினமாம். ஆருக்குத் தெரியக்கூடாதெண்டு சுத்தியலால அடிச்சினமோ, மருந்து அவையிட்டைத்தான் இருந்திருக்கு. அதுக்குள்ள இருபத்தஞ்சு பேர் செத்துப்போச்சினம். விசர் வேலை, என்னக்கா?"

மேலே சத்தம் தொடங்கியது.

றஜீவ் நிமிர்ந்து பார்த்தான். முகம் மலர்ந்தது. "அட, நிறையப் பேர் நிக்கினம் போல! சரி, அண்ணையைக் குழப்பேல்லை. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில சந்திக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

அவன் போன பிறகு தான் நெடுநேரம் நின்றுவிட்டதாக நினைத்தாள். மணிக்கூட்டில் இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. டிசம்பர் முதலாந் திகதியிலிருந்து எத்தனை எட்டு நாட்கள் என்று கணக்குப் பார்த்தாள். ஆறு. ஆறு தடவை அவர் எழும்பியிருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம். அரை அடிச் செங்கல்லுக்கு அந்தப் பக்கம்.

காலில் செருப்பில்லாமல் ஓடி வத்சலாவின் கதவைத் தட்டினாள்.

"டொக்டர் பிள்ளை... அவர் செத்துப்போனார். திங்கட்கிழமை. நான் மறைச்சிட்டன்."

வத்சலாவின் முகம் மாறியது. பிறகு தலையைச் சற்றுச் சாய்த்து, சுவர்ப்பக்கம் காதைக் கொடுத்தாள். அங்கே சுத்தியல்கள். நடுவில் ஒரு இருமல். கணேசலிங்கத்தின் இருமல்.

"அக்கா, யாரு செத்துட்டா? அண்ணாவா? இருமுறது கேக்குதே."

"வந்து பாருங்கோ. ஒருக்கா வந்து பாருங்கோ பிள்ளை."

வத்சலா வந்தாள். அவளுக்குப் பின்னால் தவநாயகி படியேறினாள். ஏழாவது படியில் குளிர் முட்டியது. வத்சலா சுவெற்றரை இழுத்து மூடிக்கொண்டாள். அவளுக்கும் குளிர்கிறது, அப்படியென்றால் இது உண்மை, இன்னொருத்தர் கண்ணால் காணப்போகிறார், இதோடு முடியப்போகிறது என்று தவநாயகியின் நெஞ்சில் ஏதோ இளகியது. வத்சலா கதவைத் தட்டினாள். சுத்தியல்கள் ஒரே நேரத்தில் நின்றன.

"அண்ணா? நான் வத்சலா."

"ஓம் டொக்டர்" என்றது உள்ளிருந்து அவருடைய குரல். "சுகமா இருக்கிறன். உள்ளுக்கு வராதேங்கோ, உடுப்பு மாத்திறன். இவவுக்குக் கலியாண யோசனையில நித்திரை இல்லை. ஒருக்கா கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க விடுங்கோ."

வத்சலா கையை எடுத்துக்கொண்டாள். வெட்கத்தோடு சிரித்தாள். "ஸாரிண்ணா." பிறகு தவநாயகியின் தோளைப் பிடித்து, குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, நீங்க தூங்கி எத்தனை நாள் ஆச்சு? கல்யாண டென்ஷன்ல மூளை இப்படியெல்லாம் பண்ணும். நாளைக்குக் கிளினிக் வாங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன், சரியா?"

"அது அவரில்லை."

"சரிக்கா. படுங்க."

"பிள்ளை, கதவைத் திறந்து பாருங்கோ. அது அவரில்லை."

வத்சலா அவளை அணைத்துக்கொண்டாள். நெற்றியில் கைவைத்துச் சூடு பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போனாள். வாசற்கதவு மெதுவாக, மரியாதையாகச் சாத்தப்பட்டது.

சுத்தியல்கள் மீண்டும் தொடங்கின.

தவநாயகி கதவைத் திறந்தாள்.

வெளிச்சம் இல்லை. யன்னல் முழுவதும் பனிக்கட்டி. தெருவிளக்கு அதற்குள்ளால் மங்கலாக, தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல. கயிறு. தார். அழுகல். கட்டிலில் அவர். அவள் விட்டுப்போன அதே கிடை. முகத்தில் அதே வேட்டி. வாய் இருக்கும் இடத்தில் துணி உள்ளே குழிந்து, சிவப்பாக நனைந்திருந்தது.

வலது கை மட்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

அது சுத்தியலால் பலகையில் அடித்துக்கொண்டிருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்றாவதில் தாமதம். அதற்குப் பதிலாகச் சுவர். சுவர்த் தாள் உள்ளிருந்து புடைத்தது. ஒரு புடைப்பு. பக்கத்தில் இன்னொன்று. மேலே. கீழே. கூரையோரம். ஒவ்வொன்றும் தன் முறைக்கு. ஏழு என்று எண்ணினாள். ஏழுக்குப் பிறகு ஒரு இடைவெளி. ஒரு அடி விழவேண்டிய இடம். அங்கே ஒன்றும் விழவில்லை. எல்லாம் காத்திருந்தன. பிறகு முதலிலிருந்து.

ஏழு. இடைவெளி.

ஏழு. இடைவெளி.

அடிவயிற்றில் ஏதோ சூடாக இறங்கியது. சேலைக்கு மேலால் கைவைத்துப் பார்த்தாள். ஈரம். தனுஷியாவை வெளியே எடுத்த தையல். முப்பத்துநான்கு வருடம். உதடுபோலத் திறந்திருந்தது.

இடுப்பில் செருகியிருந்த தொலைபேசி அதிர்ந்தது, எடுத்தாள். பிள்ளை.

"அம்மா! அப்பா இன்னும் வேலையா? என்ன இரைச்சல்! எல்லாம் ஓகேயா?"

வாசலுக்கு நேரே, பிடி அவளைப் பார்த்தபடி, தரையில் இன்னொரு சுத்தியல் கிடந்தது. மரச் சுத்தியல். கறுத்து, பழையதாகி, அவர்கள் வீட்டில் ஒருநாளும் இல்லாத ஒன்று.

"அம்மா? கேக்குதா? சொல்லுங்கோ, எல்லாரும் சுகமோ?"

அவள் குனிந்தாள். எடுத்தாள். ஏழு எண்ணினாள். இடைவெளி வந்தபோது ஓங்கி அடித்தாள்.

"ஓம் பிள்ளை" என்றாள். "எல்லாரும் சுகம்."

"அப்பாடா. நான் வெள்ளிக்கிழமை நேரத்தோட வந்திடுவன். அப்பாவின்ர மேசையை முதல்ல நான்தான் பாப்பன், சரியோ?"

சுவருக்கு அந்தப் பக்கம் வத்சலா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள். தவநாயகி அடித்தாள். தாளம் நிரம்பி, சுற்றி, முதலிலிருந்து வந்தது. ஏழு. தன்னுடையது, எட்டு.

எட்டுக்குப் பிறகு, இன்னொரு இடைவெளி.